ஒன்பது நாற்பது வண்டி

பூம்பாறையில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குக் கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டிய வண்டி, ஒன்பது நாற்பதுக்குத்தான் வந்து நிற்கும். எழுபத்திரண்டில் அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். மழை கொட்டினாலும், மேகம் இறங்கி ரோடே தெரியாமல் போனாலும், பூண்டு மூட்டை நாலு ஏறினாலும் நாற்பது ஏறினாலும் ஒன்பது நாற்பது. முன்னே பின்னே மூன்று நாலு நிமிடம் இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வண்டியின் கண்டக்டர் சோலைமலை. பாச்சலூர்ப் பக்கத்துக்காரர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குக் குளிர் ஆகாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு. காக்கிச் சட்டை உள்ளே எங்கேயோ இருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லாததால் விசிலைக் கடித்துப் பிடிக்க வராது. ஊதினால் விசில் பறந்துபோய் யார் மடியிலாவது விழும். அதனால் வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி அடிப்பார். ஆறு வருஷம் அடித்ததில் அந்த இடம் சோற்றுத்தட்டு மாதிரி குழிந்து கிடந்தது.

நான் அப்போது பூம்பாறையில் குடியிருந்தேன். கோடைக்கானலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அலுவலகம் ஒன்பதரைக்கு. நான் தினமும் ஒன்பதே முக்காலுக்குப் போய், "பூம்பாறை வண்டிங்க சார்" என்பேன். மேலதிகாரி தலையை ஆட்டுவார். அந்த வண்டியை நம்பி ஊரில் பல காரியம் நடந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒன்பது முப்பத்தைந்துக்குத்தான் போண்டாவை எண்ணெயில் போடுவார்கள். வண்டிகள் வந்து சேரும் நேரத்தை நோட்டில் எழுதுகிற டைம்கீப்பர் செல்லப்பாண்டி, மாதம் பிறந்ததும் முதல் தேதியன்றே முப்பது நாளுக்கும் 9.40, 9.40 என்று எழுதி முடித்துவிடுவார். பிப்ரவரியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் சீசனுக்கு வந்த யாரோ ஒருவர் ஊர் திரும்பியதும் முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு புகார் அனுப்பினார். முதலாளி சேனாதிபதி பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். ஒரே ஒரு வண்டிக்குத் தன் தாயார் பெயரை வைத்து, 'பாப்பம்மாள் மோட்டார் சர்வீஸ்' என்று எழுதி ஓட்டிக்கொண்டிருந்தார். புகாரில், 'உங்கள் பாப்பம்மாள் சோம்பேறி' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் சேனாதிபதிக்குப் பொறுக்கவில்லை. சோலைமலைக்கு ஒரு கார்டு வந்தது.

"நாற்பது நிமிடத்தைத் தின்கிற ஆள் யார்? பதினைந்து நாளில் கண்டுபிடித்துச் சொல்லவும். சொல்லாவிட்டால் அது நீதான் என்று முடிவு செய்யப்படும்."

சோலைமலை கார்டை மூன்று தடவை படித்துவிட்டு வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

முதல் சந்தேகம் மூக்கம்மா மேல். பூம்பாறையில் பூண்டும் கோழியும் வாங்கிப் போய்க் கோடைக்கானல் சந்தையில் விற்பவள். எந்தக் கோழியையும் கால் கட்டிக் கொண்டுவர மாட்டாள். கட்டினால் கோழி மனசு விட்டுப்போகுமாம். வாரத்துக்கு நாலு நாளாவது ஒரு கோழி கூடையிலிருந்து குதித்து ரோட்டில் ஓடும். வண்டி நிற்கும். இறங்கிப் பிடிப்போம்.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு நீங்க ஜீப்புல போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சோலைமலை கெஞ்சினார்.

"ஏலே, என் கோழியாலதான் வண்டி லேட்டுங்கிறியா? சரி, போறேன். பாத்துருவோம்" என்று அவள் விடிந்ததும் பால் ஜீப்பில் போய்விட்டாள். அன்றைக்குப் பூம்பாறை வண்டி ஒன்பது நாற்பத்தொன்றுக்கு வந்தது. மூக்கம்மா கூடையோடு பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரு கோழியை மட்டும் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அடுத்தது டிரைவர் சூசைமுத்து. பாதி வழியில் வனத்துறை செக்போஸ்ட் அருகே நிறுத்தி டீ குடிப்பார். டீயை ஆற்றுவார், ஆற்றுவார், ஆற்றிக்கொண்டே இருப்பார். அவரிடம் ஒரு நாள் டீயை விடச் சொல்லிச் சத்தியம் வாங்கினார் சோலைமலை. டீ குடிக்காத சூசைமுத்து அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே வந்த எல்லோரையும் திட்டினார். ஒரு லாரிக்காரன் பதிலுக்குத் திட்டியதும் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். ஒன்பது முப்பத்தொன்பது.

பிறகு மூன்றாவது வளைவில் படுத்துக்கிடக்கும் ஒரு காளை. காளைக்காரரிடம் சொல்லி அதைக் கட்டிப்போட வைத்தார். அன்றைக்கு என்ஜின் சூடேறவில்லை என்று இரண்டாவது தடவையும் வெந்நீர் ஊற்றினார்கள். ஒன்பது நாற்பது. என்னையும் விடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, பூட்டினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து இறங்கி ஓடுவது என் வழக்கம். சோலைமலையே என் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் வழி நெடுக அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்பது நாற்பத்திரண்டு.

பதினோராவது நாள் அவருக்கு ஒரு பயங்கரமான எண்ணம் வந்தது. தன்னைத்தானே சந்தேகப்பட ஆரம்பித்தார். "நாந்தேன்போல. கை வெளிய எடுத்துச் சீட்டுக் கிழிக்கவே நேரமாகுது" என்றார். மறுநாள் லீவு போட்டார். முதலாளி பழனியிலிருந்து வேறு ஆளை அனுப்பினார். சோலைமலை முதல் நாளே கோடைக்கானல் போய்ப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். வண்டி சீக்கிரம் வந்தால் குற்றவாளி தான்தான், கதை முடிந்தது. தாமதமாக வந்தால் தன் அருமை ஊருக்குத் தெரியும். இரண்டில் எது நடந்தாலும் ஏற்றுக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

வண்டி ஒன்பது நாற்பதுக்கு வந்தது.

நான் இறங்கியபோது அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பின்னால் இறங்கிய லெட்சுமி டீச்சரைப் பார்த்து அழாத குறையாகக் கேட்டார்: "டீச்சர், நான் இருந்தாலும் ஒண்ணுதேன், இல்லாட்டியும் ஒண்ணுதேனா? ஆறு வருசமா இந்தத் தகரத்தத் தட்டிக்கிட்டுக் கெடக்கேனே!"

லெட்சுமி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குடும்பம் கடல் தாண்டி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, இரு நாட்டு ஒப்பந்தப்படி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தது. அப்பாவும் அம்மாவும் பூம்பாறையில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை. டீச்சர் கோடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தார். மேற்படிப்பைத் தபாலில் படித்துக்கொண்டிருந்தார். பாடத்தாளை வண்டியில்தான் படிப்பார். வளைவு வந்தால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வார், பென்சில் மட்டும் நிற்காது.

அவர் அன்றைக்குப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஆறு மாதமாக வண்டி வந்து சேர்ந்த நேரம் முழுவதும் அதில் இருந்தது. செல்லப்பாண்டியின் நோட்டைப் போலப் பொய் நோட்டு இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுதியது.

"அண்ணே, நீங்க இல்லாததுனால இன்னைக்கு ஒரு நிமிஷம் போல மாறித்தான் இருக்கும். வருத்தப்படாதீங்க. ஆனா மத்த முப்பத்தஞ்சு காரணம் வண்டிக்குள்ள இருந்துச்சுங்களே. உங்க ஒரு நிமிஷம் அதுக்குள்ள காணாமப் போயிருச்சு" என்றார்.

"முப்பத்தஞ்சா?"

"உங்களோட சேத்து முப்பத்தாறு. எண்ணி வச்சிருக்கேன். கோழி, டீ, காளை, வெந்நீர், இந்த சாரோட பூட்டு..." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒவ்வொண்ணும் நல்லா இருக்குற நாளைக்கும் மோசமா இருக்குற நாளைக்கும் வித்தியாசம் ஆக மிஞ்சினா ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல யாராலயும் இந்த வண்டியை அசைக்க ஏலாது. விளங்குதுங்களா?"

"ரெண்டு ரெண்டாச் சேத்தா எழுவத்திரண்டு நிமிசம் ஆகுதே டீச்சர்?" சோலைமலை கூட்டலில் கெட்டிக்காரர்.

"ஆகும். எல்லாரும் ஒரே நாள்ல நல்லவங்களா இருந்தா ஒன்பது நாலுக்கு வரும். எல்லாரும் ஒரே நாள்ல மோசமா இருந்தா பத்து பதினாறு. ஆனா அப்படி நடக்காதுங்க. மூக்கம்மாக்கா கோழி ஓடிருச்சேன்னு காளை எந்திரிச்சுப் போறதில்ல. காளை படுத்திருக்கேன்னு சூசைமுத்து அண்ணன் டீயை வெரசா குடிக்கிறதில்ல. அவங்கவங்க சோலியை அவங்கவங்க பாக்குறாங்க. அதனால ஒருத்தர் இழுக்குறதை இன்னொருத்தர் விட்டுக் குடுக்குற மாதிரி ஆயிருது. நாப்பதைச் சுத்தித்தான் நிக்கும்."

"எல்லாத்தையும் கூட்டவா செய்யிறோம்? செக்போஸ்டுல லாரிக்கு நிக்கிற நேரத்துலயே கோழியையும் புடிச்சுருவமே?" என்று நான் கேட்டேன். பூட்டு விஷயத்தில் போன மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று.

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதாங்க! கூட்டணும்னே அவசியமில்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சாலும் சரி, எப்படிப் பின்னிக்கிட்டுக் கெடந்தாலும் சரி. மத்ததெல்லாம் அப்படியே இருக்க ஒண்ணே ஒண்ணை மாத்தினா மொத்தத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல மாறக் கூடாது. அது போதும். ஒன்பது அம்பத்தெட்டைத் தாண்டி வர்றது தொண்ணூறு நாளைக்கு ஒரு நாளுக்கு மேல இருக்காதுன்னு எழுதியே குடுக்கலாம். நெசத்துல அதைவிடக் கம்மி. ஆறு மாசத்துல ஒரு நாள்கூட வரல. இதுக்குச் சமனிலின்னு பேரு."

"சமனிலின்னா?"

"சமன்பாடு 'இவ்வளவு'ன்னு சொல்லும். சமனிலி 'இவ்வளவுக்கு மேல போகாது'ன்னு சொல்லும்."

சோலைமலைக்கு அது பிடித்துப்போனது. "எங்க அக்கா வீட்டுக்காரர் அப்படித்தேன் டீச்சர். எப்ப வருவாருன்னு சொல்ல மாட்டாரு. பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவேம்பாரு." பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "அந்தத் தொண்ணூறுல ஒரு நாள், அது எந்த நாளு?"

"அது தெரியாதுங்க."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பழனிக்குப் போனோம். சேனாதிபதி ஆளுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் வைத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டீச்சர் நோட்டை விரித்துப் பொறுமையாகச் சொன்னார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம்.

"எல்லாம் சரிம்மா" என்று கண்ணைத் திறந்தார். "யாரைத் தூக்கலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

"யாரைத் தூக்குனாலும் ரெண்டு நிமிஷம்தாங்க."

"அப்ப முப்பத்தாறையும் தூக்கிட்டா?"

டீச்சர் யோசித்தார். "தூக்க ஏலாதுங்க. எல்லாரையும் ஒரே பக்கமா இழுத்தீங்கன்னா என் கணக்கு நிக்காது. அவங்கவங்க பாட்டுக்கு இருக்குற வரைக்கும்தான்..."

"கணக்கு நிக்காட்டிப் போகுது. வண்டி நிக்காமப் போனாப் போதும்" என்று சேனாதிபதி எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் பழனியிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். டீச்சரின் முப்பத்தாறு காரணங்களும் முப்பத்தாறு விதிகளாக வண்டிக்குள் ஏறின. பக்கச் சுவர்களில் இருபத்தெட்டுக்குத்தான் இடம் இருந்தது. மீதியைக் கூரையில் எழுதினார். கூரையைப் படிக்க வேண்டுமானால் சீட்டில் மல்லாக்கப் படுக்க வேண்டும். பதினான்காவது விதி: 'கோழியின் காலைக் கட்டவும். கட்டிய காலை அவிழ்க்க வேண்டாம்.' இருபத்திரண்டு: 'ஓட்டுநர் தேநீரைச் சூடாகவே விழுங்கவும்.' முப்பத்தொன்று கூரையில் இருந்தது: 'பூட்டிய வீட்டைப் பூட்டியதாகவே கருதவும்.' எல்லோரும் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். காளையைப் பற்றியும் ஒரு விதி இருந்தது. அதை யார் காளைக்குப் படித்துக் காட்டுவது என்பது தெளிவாக இல்லை.

முதல் நாள் சேனாதிபதியே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். முதலாளி இருக்கிறார் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டோம். மூக்கம்மா கோழிகளைக் கட்டியிருந்தாள். சூசைமுத்து டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அடுத்த இரண்டு கிலோமீட்டர் வாயைத் திறந்தபடியே ஓட்டினார். காளை அன்றைக்கு எங்கேயோ போயிருந்தது. வண்டி ஒன்பது ஆறுக்குக் கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது.

அங்கே எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. டீக்கடையில் அடுப்பு அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது. செல்லப்பாண்டி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊரு வண்டி?"

"பூம்பாறைதேன்" என்றார் சோலைமலை.

"வெளையாடாதீங்க. பூம்பாறை வண்டி வர இன்னும் அரை மணி நேரம் கெடக்கு."

சேனாதிபதி இறங்கிப் போய், "இது என் வண்டிய்யா, நோட்டுல எழுது" என்றார். செல்லப்பாண்டி நோட்டைத் திறந்து காட்டினார். அன்றைய தேதிக்கு நேரே 9.40 என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. "எழுதுனதை அடிச்சு எழுத எனக்கு அதிகாரம் கெடையாதுங்க" என்றார். கடைசியில் வண்டியை வெளியே எடுத்துப்போய் ஏழு ரோடு சந்திப்பு வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்பது நாற்பதுக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் ஒன்பது இருபதுக்கு அலுவலகம் போனேன். கதவு பூட்டியிருந்தது, வாசலில் இரவுக் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அந்தக் காவல்காரரை நான் பார்த்ததே இல்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. திருட வந்தவன் என்று முடிவு செய்து மேலதிகாரி வரும்வரை என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்.

அன்று மாலையே பூம்பாறையில் மூக்கம்மா எல்லோரையும் கூட்டினாள். அதுவரை பஸ்ஸில் ஒருவருக்கொருவர் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள்.

"நம்மளாலதேன் லேட்டாம். சுவத்துல எழுதிப்புட்டான். லேட்டுன்னா என்னன்னு நாளைக்குக் காட்டுவோம். விதியை மீற வேண்டாம். ஒண்ணு விடாமச் செய்வோம். நிதானமாச் செய்வோம்."

மறுநாள் ஒவ்வொருவரும் ஏறியதும் முப்பத்தாறு விதிகளையும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள். கூரை விதிகளுக்காக இருவர் இருவராகப் படுத்து எழுந்தார்கள். மூக்கம்மா ஒவ்வொரு கோழிக்கும் காலில் மூன்று முடிச்சுப் போட்டு, முடிச்சு சரியா என்று சோலைமலையைப் பார்க்கச் சொன்னாள். சூசைமுத்து டீ சூடாக இல்லை என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார். நான் என் பங்குக்கு, பூட்டிய வீட்டைப் பூட்டியதாகக் கருத முயன்று, முடியாமல், இறங்கி ஓடினேன். மூன்றாவது வளைவில் காளை படுத்திருந்தது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அதன் விதியை அதற்குப் படித்துக் காட்ட ஒருவர் இறங்கினார்.

வண்டி பத்து பதினான்குக்குப் போய்ச் சேர்ந்தது. செல்லப்பாண்டி வாசலில் நின்று, "ஏன்யா, மழையா? மண்சரிவா? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று பதறிக்கொண்டிருந்தார். போண்டா ஆறிப்போய்க் கல்லாகிவிட்டது.

டீச்சர் மட்டும் மிகுந்த திருப்தியோடு இறங்கினார். "பாத்தீங்களாண்ணே, பத்து பதினாறைத் தாண்டலை. முப்பத்தாறு பேரையும் கூட்டுச் சேத்துவிட்டாரு முதலாளி. தனித்தனியா இருந்த வரைக்கும் நாப்பதுல நின்னுச்சு. ஒண்ணாச் சேந்ததும் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போகுது" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

சோலைமலைக்கு இந்தக் கணக்கில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனால் அவருக்கு வேறொன்று புரிந்துவிட்டது. அன்றே பழனிக்குப் போன் போட்டார். பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "மொதலாளி! வண்டியை மாத்த வேணாம்! ஒம்பது மணின்னு எழுதியிருக்கம்ல, அதை மாத்துங்க! பாப்பம்மாள் சரியாத்தேன் ஓடுறாங்க! ஒம்பது மணிதேன் தப்பு!"

சேனாதிபதி நாலு நாள் கோபமாக இருந்தார். ஒன்பது மணி என்பது வண்டி வாங்கிய அன்று ஜோசியர் சொன்ன நேரமாம். பிறகு தாயார் பெயரை நினைத்து மனசு மாறி, நேரத்தை மாற்றக் கேட்டு மனுப் போட்டார். எழுபத்தொன்பது தை மாதம் உத்தரவு வந்தது: பூம்பாறை புறப்பாடு 8.00, கோடைக்கானல் வருகை 9.40. விதிகளை அழித்து வெள்ளையடித்தார்கள். கூரையில் மட்டும் அழிக்கக் கை எட்டாமல் எட்டு விதிகள் மிஞ்சின. மூக்கம்மாவின் கோழிகள் பழையபடி ஓடின. வண்டிக்குப் பின்னால் 'நேரம் தவறாத பாப்பம்மாள்' என்று எழுதினார்கள். மலையிலேயே சரியான நேரத்துக்கு வருகிற வண்டி என்று அதற்குப் பெயர் வந்தது. எனக்குத்தான் நஷ்டம். வண்டி சரியாக வருகிறதே, நீர் ஏன் இன்னும் தாமதம் என்று மேலதிகாரி கேட்க ஆரம்பித்தார்.

நல்ல பெயரில் மயங்கிச் சேனாதிபதி எண்பத்து நாலில் இரண்டாவது வண்டி வாங்கினார். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பாச்சலூர். சொந்த ஊர்ப் பக்கம், குளிரும் குறைவு என்று சோலைமலை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிச் சூசைமுத்துவிடம் கொடுத்தார். டீச்சர் அதற்கு முன்பே படிப்பை முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார்.

புது வண்டியில் போன சோலைமலை ஒரு மாதத்தில் ஆடிப்போனார். சந்தைக்கு வரும் லாரிகள், தக்காளிக் கூடைகள், இறங்கி ஏறும் சனங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நேரம் தின்றன. அது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட் இருந்தது. திறந்திருந்தால் வண்டி சல்லென்று போகும். மூடியிருந்தால் கூட்ஸ் ஒன்று வரும், பாசஞ்சர் ஒன்று வரும், என்ஜின் மட்டும் தனியாக ஒன்று போகும், ஒன்றுமே வராமலும் மூடியிருக்கும். ஐம்பது நிமிடம்கூட நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் பத்து மணி, ஒரு நாள் பத்து ஐம்பது. எந்த நேரத்தையும் சராசரி என்று சொல்லி மனசைத் தேற்ற முடியவில்லை. டீச்சருக்குக் கடிதம் எழுதினார்: "சமனிலி இந்த ரோட்டில் வேலை செய்யவில்லை. ரிப்பேர் பார்க்க முடியுமா?"

டீச்சரிடமிருந்து கார்டு வந்தது. சோலைமலை அதை எனக்குக் காட்டியிருக்கிறார்.

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற இடத்தில்தான் நம் சமனிலிக்குப் பலம். ஒரே ஆள் ஐம்பது நிமிடம் பிடித்து வைக்கிற இடத்திலும் அது பொய்யாகாது. ஆனால் 'ஐம்பது நிமிடம் முன்பின் ஆகலாம்' என்று மட்டும் சொல்லும். அது உங்களுக்கே தெரியும். அதற்கு நான் எதற்கு? கேட் மூடியிருக்கும்போது கணக்குப் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இறங்கிக் கடலை வாங்கிச் சாப்பிடவும்."

படித்தவர் சொன்னால் சோலைமலை தட்ட மாட்டார். மறுநாள் கேட் மூடியதும் இறங்கினார். கேட்டை ஒட்டி இருளாயி என்பவள் கூடையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கூடப்பிறந்தவர்களைக் கரையேற்றிவிட்டுத் தன்னை மறந்துபோனவள். ஒரு படி கடலை வாங்கினார். பல் இல்லாத இடத்தில் கடலை சிக்கிக்கொள்ள, அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"பதமா அவிச்சது இருக்குங்க. அடியில இருந்து எடுத்துத் தாரேன்" என்றாள்.

அன்றிலிருந்து கேட் மூடும்போதெல்லாம் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கேட் திறந்திருந்த நாளெல்லாம் சோலைமலைக்கு நாளாகவே தோன்றவில்லை. கேட் தெரியும் தூரம் வந்ததும் டிரைவரிடம், "மெதுவாப் போங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. மூடுனாலும் மூடுவாய்ங்க" என்பாராம். வண்டி அநியாயத்துக்குத் தாமதமானது. சேனாதிபதி ரயிலைத் திட்டினார்.

எண்பத்தாறு பங்குனியில் ஒரு நாள், கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போகும் நேரத்துக்குள் சோலைமலை அவளிடம் கேட்டுவிட்டார்: "எனக்கு நாப்பத்தி நாலு வயசு ஆகுது. பல்லு ரெண்டு இல்ல. மத்ததெல்லாம் இருக்கு. கட்டிக்கிறியா?"

அவள் கூடையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் சொல்றேங்க" என்றாள்.

மறுநாள் கேட் திறந்திருந்தது. வண்டி வேகமாகத் தாண்டியது. படியில் தொங்கிக்கொண்டு, "என்ன முடிவு?" என்று கத்தினார். அவள் ஏதோ சொன்னாள். என்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை. அதற்கு மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும். தொடர்ந்து ஆறு நாள் அந்தக் கேட் மூடவே இல்லை. கூட்ஸ் எங்கே போய்த் தொலைந்தது, பாசஞ்சருக்கு என்ன கேடு என்று அவர் வண்டிக்குள் புலம்ப, பயணிகளுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. தக்காளிக் கூடைக்காரர்கள்கூட, "இன்னைக்காச்சும் மூடியிருக்கான்னு பாருங்கப்பா" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

ஏழாவது நாளும் கேட் விரியத் திறந்து கிடந்தது. டிரைவர் தண்டவாளத்துக்கு இருபதடி முன்னால் பிரேக்கை அழுத்தி என்ஜினை அணைத்தார். வண்டியில் இருந்த அத்தனை பேரும், "போய்யா, போயிட்டு வா. நாங்க இருக்கோம்" என்றார்கள். பின்னால் நாலு லாரி நின்று ஹாரன் அடித்தன.

சோலைமலை இறங்கிப் போய்க் கூடைக்கு முன்னால் நின்றார்.

"மொத நாளே சரின்னு கத்துனேனே, காதுல விழலையா?" என்றாள் இருளாயி. "மறுநாளும் கத்துனேன். ஆறு நாளாக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. கேட்டுக்காரரு என்னையக் கிறுக்கச்சிங்கிறாரு."

"சரிதேனா?"

"சரிதேங்க. வண்டி நிக்குது பாருங்க, வெரசாப் போயி ஏறுங்க. மத்ததைச் சாயந்தரம் வீட்டுல வந்து எங்க தம்பிகிட்டப் பேசுங்க."

அவர் ஓடிவந்து ஏறி, தகரத்தில் இரண்டு அடி அடித்தார். வண்டி கிளம்பித் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு பர்லாங்கு போன பிறகுதான் டிக்கெட் பையைக் கடலைக்கூடை மேலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், இருளாயி ஒரு கையில் பையும் இடுப்பில் கூடையுமாக ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கேட் மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.